எட்டே மாதத்தில் மீண்டும் காற்றுக் கசியும் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்

கேள்வி

வணக்கம். என்னுடைய கார் 22 ஆண்டுகள் ஓடியது. 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டும், அவற்றுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டும் அலுமினியம். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர். ஏர் ஃபில்டரை அடுத்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. கடந்த ஆண்டு, காலையில் எஞ்சினை இயக்கியவுடன் ஐடில் வேகம் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 1,400 வரை ஏறுவதும் 700க்கு இறங்குவதுமாக ஊசலாடத் தொடங்கியது. பட்டறையில் பார்த்தவர்கள், மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது என்று சொல்லி, புதிய கேஸ்கெட் போட்டுக் கொடுத்தார்கள். அன்று மாலையே ஐடில் 800இல் அசையாமல் நின்றது.

எட்டு மாதம் கழித்து இப்போது அதே கோளாறு திரும்பியிருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஊசலாட்டம் மிகுதியாக இருக்கிறது. பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் பாதியாகக் குறைகிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிகிறது, ஆனால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது குறை எதுவும் தெரிவதில்லை. எஞ்சின் விளக்கு எரிந்ததால் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தேன். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதைக் குறிக்கும் பி0171 என்ற குறியீடு வந்தது. பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டால் நான்காவது சிலிண்டர் பக்கத்தில் மெல்லிய சீறல் ஒலி கேட்கிறது. கூலன்ட் குறையவில்லை, எஞ்சின் ஆயிலும் தெளிவாகவே இருக்கிறது.

மேனிஃபோல்டு நட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? கேஸ்கெட்டையே மாற்றுவதாக இருந்தால் இந்த முறை நானே செய்ய விரும்புகிறேன். பிரேக் பேடும் வாட்டர் பம்பும் வீட்டிலேயே மாற்றிய பழக்கம் உண்டு. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறேன். ஆனால் புதிதாகப் போட்ட கேஸ்கெட் எட்டு மாதத்தில் ஏன் போனது என்பது புரியாமல், மூன்றாவது கேஸ்கெட்டை வாங்க மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1

நண்பரே, அந்த நட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். கசிகிற கேஸ்கெட்டின் மேல் நட்டை முறுக்கினால் ஓரிரு வாரம் சத்தம் அடங்கியிருக்கும், அதற்கு விலையாக மேனிஃபோல்டின் விளிம்பு நட்டுக்குக் கீழே அமுங்கி, இரண்டு நட்டுகளுக்கு நடுவே வில்லாக வளையும். பிறகு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. நட்டு ஏறும் கம்பியான ஸ்டட் ஹெட்டில் பிடித்திருக்கும் மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். அது உரிந்து வந்துவிட்டால் கேஸ்கெட் வேலை ஹெட் வேலையாகிவிடும்.

கழற்றுவதற்கு முன்பு கசிவு உண்மையிலேயே கேஸ்கெட்டில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் எண்களைப் பாருங்கள். ஆக்ஸிஜன் சென்சார் தரும் செய்தியைக் கொண்டு, எஞ்சின் கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அவை காட்டும். குறுகிய காலத் திருத்தத்தையும் நீண்ட காலத் திருத்தத்தையும் கூட்டி, ஐடிலில் ஒரு முறையும் 2,500 சுழற்சியில் ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் +15, +20 என்று நின்று, 2,500இல் +5க்குள் இறங்கினால் சென்சாரைக் கடந்த பிறகு எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் சின்னக் கசிவும் அதில் பெரிய பங்காகிவிடும். மேலும், ஐடிலில் மேனிஃபோல்டின் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான், வெளியே கடல் மட்டத்தில் 101 இருக்கிறது. அந்த வேறுபாடுதான் காற்றை இடுக்கு வழியே உள்ளே தள்ளுகிறது. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலை முழுதும் திறந்தால் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துபோகும். நெடுஞ்சாலையில் உங்களுக்குக் குறை தெரியாததற்கு இதுவே காரணம். இதற்கு நேர்மாறாக, வேகம் கூடக் கூடத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றுவது வீண் வேலை.

அடுத்து, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், எஞ்சினின் அடியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி வால்வின் குழாய், மற்ற சிறிய வேக்யூம் குழாய்கள் ஆகியவற்றை எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்துப் பாருங்கள். எதையாவது பிடித்தவுடன் ஐடில் அடங்கினால் குற்றவாளி அங்கே இருக்கிறது. 22 ஆண்டு ரப்பர் வெளியே பார்க்க நன்றாக இருந்து, வளைவின் அடிப்பக்கத்தில் வெடித்திருப்பது மிகச் சாதாரணம். இன்ஜெக்டரின் அடி ஓ-ரிங், த்ராட்டில் பாடியின் கேஸ்கெட் இவையும் இதே அறிகுறிகளைத் தரும்.

எல்லாம் சரியாக இருந்தால் தெளிப்பான் புட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, கேஸ்கெட்டின் விளிம்பை ஒட்டி ஒரு சிலிண்டர் பகுதிக்கு நாலைந்து முறை தெளியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் கணநேரம் அடைத்துக்கொள்வதால் சீறலின் ஒலி மாறும். பலர் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பார்கள், அது தண்ணீரைவிடத் தெளிவாகக் காட்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் பொருள், சூடான எக்ஸாஸ்டோ பழைய பிளக் வயரின் பொறியோ அருகில் இருந்தால் ஆபத்து. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும் பழைய எஞ்சின்களில் அதை நான் தொடவே மாட்டேன். கடைசியாக நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று வெளிர் பழுப்பாகவும் ஒன்று மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்தும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குக் காற்று போகும் வாசலில்தான் வெளிக்காற்று நுழைகிறது.

இனி உங்களுடைய உண்மையான கேள்விக்கு வருகிறேன். நல்ல கேஸ்கெட் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. எட்டு மாதத்தில் போயிருந்தால் அதன்மேல் பழி போடுவதற்கு முன் அதற்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஹெட் 90 டிகிரியில் இருக்கும்போது, குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டிருக்கும் மேனிஃபோல்டு 50 டிகிரியில் இருக்கக்கூடும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் நீளும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரி வேறுபாட்டில் ஹெட் மேனிஃபோல்டைவிட 0.37 மில்லிமீட்டர் அதிகம் நீளும். நடுவில் கிட்டத்தட்ட அசைவில்லை, இரு முனைகளிலும் மட்டும் சுமார் 0.18 மில்லிமீட்டர் உராய்வு. ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் இது நடக்கிறது. மேனிஃபோல்டின் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது இந்த அசைவுக்கு இடம் தருவதற்காகத்தான். முதலாவது, நான்காவது வாசல்கள் முதலில் கசிவதற்கு இதுதான் அடிப்படை.

இந்த இயல்பான உராய்வோடு வேறு ஏதாவது சேர்ந்தால்தான் கேஸ்கெட் சீக்கிரம் சாகும். விளிம்பு வளைந்திருக்கலாம், நட்டுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக இறுக்கியிருக்கலாம், பழைய கேஸ்கெட்டின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு ஓர் இடம். மேனிஃபோல்டின் அடியில், அதை எஞ்சின் பிளாக்கோடு இணைக்கும் ஒரு தாங்கி இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையும் எளிதில் எட்டாது. அவசரத்தில் அதன் போல்ட்டைப் போடாமல் விட்டுவிடுவது நடக்கக்கூடியது. த்ராட்டில் பாடியோடு சேர்ந்த மேனிஃபோல்டின் எடை முழுவதும் அப்போது கேஸ்கெட் முகத்தில் நெம்புகோல் போலத் தொங்கி, எஞ்சினின் ஒவ்வொரு அதிர்விலும் ஆடும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கீழே பாருங்கள்.

பதில் 2

மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிட்டு நீங்களே செய்யலாம் என்பது என் கருத்து. போன வருடம் என் வண்டியில் இதே வேலையைச் செய்தேன். எனக்கு இரண்டு நாள் பிடித்தது, அதில் அரை நாள் ஓர் ஒடிந்த ஸ்டட்டுக்கே போனது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வேலைக்கு முந்தைய இரவே எல்லா நட்டுகளின் மேலும் துருப்பிடித்த மரைக்குள் ஊறும் எண்ணெயை விட்டு வையுங்கள். மறுநாள் ஸ்பேனரை வைத்ததும், இரும்பு கல்லில் உராய்வது போன்ற கிரீச்சொலி வந்தால் மேலும் திருப்பாமல் கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே என்று பொறுமையாக ஆட்டி எடுங்கள். நான் அந்த ஒலியைக் கேட்டும் அழுத்தினேன். திடீரென்று ரெஞ்ச் கையில் இலேசானது, ஸ்டட்டின் பாதி நட்டோடு வந்துவிட்டது. மிச்சம் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு நட்டுகளை அதில் போட்டு, ஒன்றோடு ஒன்றை இறுக்கி, உள்நட்டைத் திருப்பி எடுக்க முடிந்தது. முகத்தோடு முகமாக ஒடிந்திருந்தால் எனக்கு அது கைவந்திருக்காது.

பெட்ரோல் லைனில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை இயக்கி, அது தானாக நிற்கும் வரை விடுங்கள். பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். அப்படியும் குழாயைக் கழற்றும்போது கொஞ்சம் சொட்டும், துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்டை மேனிஃபோல்டின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை இறக்குங்கள். ஒவ்வொரு குழாயையும் கனெக்டரையும் எடுப்பதற்கு முன் படம் பிடியுங்கள். காகித டேப்பில் எண் எழுதி இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். மேனிஃபோல்டு வெளியே வந்தவுடன் ஹெட்டின் நான்கு வாசல்களிலும் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். நான் அடைத்த துணிகளின் எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி, ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தேன். திரும்பப் பூட்டும்போது நான்கும் கையில் வந்த பிறகே மேனிஃபோல்டை ஏற்றினேன்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். நான் கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக சிலிகான் சீலன்ட் பூசித்தான் பூட்டினேன். இன்றுவரை கசிவில்லை. உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். ஐடிலில் இரண்டு திருத்தங்களும் சேர்ந்து +22, 2,500இல் +4. குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கியதில் மாற்றம் இல்லை. பிளக்குகளில் முதல் மூன்றும் ஒரே பழுப்பு நிறம், நான்காவது மட்டும் வெளுத்திருந்தது. தண்ணீரைத் தெளித்தபோது நான்காவது வாசலின் மேல் விளிம்பில் எந்த மாற்றமும் இல்லை. தெளிப்பானைக் கீழே கொண்டுபோய் அடி விளிம்பில் அடித்தவுடன் சீறல் ஒரு நொடி உறிஞ்சும் ஒலியாக மாறி, எஞ்சின் திணறியது.

பிறகு கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். ஐயா, நீங்கள் சொன்ன தாங்கி அங்கே இருக்கிறது; அதன் கீழ்ப் போல்ட்டும் இருக்கிறது. மேனிஃபோல்டில் சேர வேண்டிய மேல் துளை வெறுமையாக இருக்கிறது. துளைக்குள் தூசி படிந்திருப்பதைப் பார்த்தால் எட்டு மாதமாகவே போல்ட் இல்லாமல் ஓடியிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

இப்போது மூன்று சந்தேகங்கள். அந்த ஒரு போல்ட்டைப் போட்டால் மட்டும் போதுமா? மாற்றுவதானால் சீலன்ட் பூச வேண்டுமா, கூடாதா? மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பதில் 3

போல்ட் மட்டும் போதாது. எட்டு மாதம் ஆடிய விளிம்பு கேஸ்கெட்டை ஏற்கெனவே அரைத்திருக்கும். ஒரு முறை காற்று வழி ஏற்பட்ட கேஸ்கெட் அழுத்தினாலும் ஒன்று சேராது. அந்தத் துளையில் ஏன் போல்ட் இல்லை என்பதையும் பாருங்கள். மறந்து விட்டிருக்கலாம், துளைகள் நேராக வராததால் விட்டிருக்கவும் கூடும். தாங்கியைப் பூட்டும் முறை இதுதான்: இரண்டு போல்ட்டுகளையும் தளர்வாகக் கையால் மட்டும் போட்டுவிட்டு, மேனிஃபோல்டின் நட்டுகள் எல்லாவற்றையும் முழு அளவுக்கு இறுக்கிய பிறகே தாங்கியை இறுக்க வேண்டும். தாங்கியை முதலில் இறுக்கினால் அது மேனிஃபோல்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நட்டுகள் கேஸ்கெட்டை அழுத்துவதற்குப் பதிலாகத் தாங்கியோடு மல்லுக்கட்டும்.

சீலன்ட் விஷயத்தில் மேலே எழுதிய நண்பருடன் உடன்பட முடியவில்லை. அவருக்குக் கசிவில்லை என்பதில் மகிழ்ச்சியே. நார்க் கேஸ்கெட்டோ, மேலே ரப்பர் வரம்பு பதித்த உலோகக் கேஸ்கெட்டோ, உலர்ந்த முகத்தில் உட்கார்வதற்காகவே செய்யப்பட்டது. அது அசையாமல் நிற்பதற்கு முகத்தின் பிடிமானம் வேண்டும். ஈரமான சிலிகானை நடுவில் வைத்தால் இறுக்கும்போது அதுவே வழுக்கும் படலமாகி, கேஸ்கெட் பிதுங்கி நகர வழிசெய்கிறது. உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் காய்ந்த பிறகு இழை இழையாகப் பிரிந்து வால்வுக்குப் போகும். சில வகைச் சிலிகானின் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுத்துவிடும். வி வடிவ எஞ்சின்களில் ஹெட்டும் பிளாக்கும் மேனிஃபோல்டும் சந்திக்கும் மூலைகளில் ஒரு துளி சீலன்ட் வைக்கச் சொல்வார்கள். அங்கே மூன்று பாகங்கள் கூடும் இடைவெளி இருப்பதால் அது நியாயம். நேர்வரிசை எஞ்சினில் அந்த மூலையே இல்லை. உங்கள் எஞ்சினின் சர்வீஸ் கையேடு கேட்டால் பூசுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

வளைவைப் பார்க்க நல்ல எஃகு நேர்விளிம்பு ஒன்றும் ஃபீலர் கேஜும் (அளவு குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) போதும். முகத்தைச் சுத்தம் செய்த பிறகு நேர்விளிம்பை நீளவாக்கில் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிறகு இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, ஒளி தெரியும் இடத்தில் கேஜின் தகட்டைச் செருகிப் பாருங்கள். பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் அளவு 0.10 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், உங்களுடைய சரியான எண் கையேட்டில் உண்டு. ஹெட்டின் முகத்தையும் இதேபோல் பார்க்க மறக்காதீர்கள். மேனிஃபோல்டு அளவைத் தாண்டினால் லேத் பட்டறையில் கொடுத்து ஃபேசிங் செய்துகொள்ளலாம், அதாவது முகத்தை மெல்லச் சீவிச் சமமாக்கலாம். நேர்வரிசை எஞ்சினில் பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எடுப்பதால் கெடுதல் இல்லை. வி எஞ்சினில் அப்படி எடுத்தால் மேனிஃபோல்டு கீழே இறங்கி, வாசல்களும் போல்ட் துளைகளும் நேர் தவறும் என்பதால் அங்கே மிகவும் எச்சரிக்கை தேவை.

சுத்தம் செய்வதைப் பற்றி வலியுறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் எஞ்சினையே கொல்லக்கூடிய தவறு இங்கேதான் நடக்கிறது. டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டே நிமிடத்தில் முகம் பளபளவென்று ஆகும். அதே இரண்டு நிமிடத்தில் வட்டிலிருந்து உதிரும் நுண்ணிய அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள் வாசல்களிலும் ஆயில் வழிகளிலும் விழும். அவை ஆயிலோடு சுற்றி பேரிங்குகளை அரைத்துவிடும். போதாததற்கு, மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தையும் ஏற்படுத்தும். பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கெட் கரைப்பானும் பொறுமையும் போதும். ஒட்டியிருக்கும் கறை நிறமாக மட்டும் எஞ்சினால் விட்டுவிடுங்கள். நகத்தால் தடவும்போது தட்டுப்படுவது மட்டும்தான் போக வேண்டும். கடைசியில் வேக்யூம் கிளீனரின் குழாயை ஒவ்வொரு வாசலின் அருகிலும் காட்டி, பிறகு துணியை எடுங்கள்.

ஸ்டட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்குங்கள். துரு இருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணில் இன்னும் பெரிய பங்கு உராய்வுக்கே போய்விடும், கேஸ்கெட்டுக்குப் போதிய அழுத்தம் சேராது. கையேடு தனியே சொன்னாலொழிய எண்ணெயும் வேண்டாம். எண்ணெயிட்ட மரையில் அதே எண் கூடுதல் இறுக்கத்தைத் தந்துவிடும். அலுமினிய மேனிஃபோல்டின் 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு, பிளாஸ்டிக் மேனிஃபோல்டுகளுக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். மூன்று கட்டமாக, நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள். கழற்றும்போது இதற்கு நேர்மாறாக வெளியிலிருந்து நடுவுக்கு வர வேண்டும்.

இன்ஜெக்டர்களைக் கழற்றியதும் ஓ-ரிங்குகளை மாற்றிவிடுங்கள். ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி நேராக அழுத்தினால் உட்காரும். த்ராட்டில் பாடி கேஸ்கெட்டும் அப்படியே. எல்லாம் முடிந்ததும் எஞ்சினை இயக்காமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பெட்ரோல் எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் கணினி ஐடிலை மீண்டும் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முதல் சில நிமிட ஏற்ற இறக்கத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

வேலை முடிந்தது, உங்களுக்குத் தெரிவிக்காமல் இருக்க மனம் வரவில்லை.

பழைய கேஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் மூன்று வாசல்களைச் சுற்றி அழுத்தத்தின் தடம் ஒரே அகலத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. நான்காவது வாசலின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் அந்தத் தடம் அறுந்து, சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கரிய பாதை வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை ஓடியது. அந்த இடத்தில் கேஸ்கெட் நார் நாராகப் பிரிந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் தெளித்தபோது எஞ்சின் திணறியது மிகச் சரியாக அதே இடம்.

ஹெட்டின் முகத்தில் 0.05 தகடு எங்கும் நுழையவில்லை. மேனிஃபோல்டில் நான்காவது வாசலின் அடியில் 0.20 தகடு தாராளமாகப் போனது. என் கையேட்டின் அளவு 0.10. லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து வாங்கி, திரும்பவும் நானே நேர்விளிம்பை வைத்துப் பார்த்தேன். சீலன்ட் பூசவில்லை. 22 நியூட்டன் மீட்டருக்கு 8, 15, 22 என்று மூன்று கட்டமாக இறுக்கினேன். அடைத்த துணி நான்கு, எடுத்த துணி நான்கு. அந்தக் காகிதத்தை நானும் ஏர் ஃபில்டர் பெட்டியில்தான் ஒட்டினேன்.

தாங்கியின் மேல் துளை உண்மையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விலகியிருந்தது. கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தியதும் தாங்கி தானாக நகர்ந்து, மேல் போல்ட் கையாலேயே மரை பிடித்துப் போனது. அன்று கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தாமல் மேல் துளையோடு போராடிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இயக்கியவுடன் ஐடில் 1,100க்குப் போய் மெதுவாக இறங்கி, பத்து நிமிடத்தில் 800இல் நின்றது. மேனிஃபோல்டின் உள்ளே உள்ள உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்யூம் கேஜில், முன்பு 15இல் நடுங்கிய முள் இப்போது 19இல் அசையாமல் நிற்கிறது. ஐடிலில் திருத்தம் +3, 2,500இல் +1. இரண்டு வாரம், 600 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்று காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரெஞ்சை 22இல் வைத்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் நகரவில்லை, எல்லாவற்றிலும் ரெஞ்ச் உடனே சொடுக்கியது. தாங்கியின் இரண்டு போல்ட்டுகளின் தலையிலும் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருக்கிறேன். இனி கண்ணாடியை நீட்டினாலே அவை நகர்ந்திருக்கின்றனவா என்று தெரிந்துவிடும்.